மடவார் வளாகத்து வெந்நீர்

ஜபல்பூர்
20-11-1989

அன்புத் தங்கச்சி கருத்தம்மாவுக்கு,

அக்கா நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். இறங்கி இரண்டு நாளாகியும் ரயிலில் இருப்பதுபோலவே உடம்பு ஆடுகிறது. உன் அத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்கள். ஹவில்தார்களுக்குக் கொடுக்கிற குவார்ட்டர்ஸில் எங்களுக்கும் ஒன்று. ஒரு அறை, ஒரு அடுப்படி. எனக்கு அது போதும்.

கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் இப்போதுதான் அவர்களோடு வந்து இருக்கிறேன். அதற்கு நீதான் காரணம். பேண்டேஜ் கம்பெனியில் ஒரு மாதம் லீவு சொல்லி, ராஜபாளையத்தில் இருந்த அறையைப் பூட்டிவிட்டு, மாமாவைப் பார்த்துக்கொள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வீட்டுக்கு வந்தாய். மாமாவின் சின்ன மகன், உன் புருஷன், இறந்துபோய் மூன்று வருஷமாகிறது, இனிமேல் இந்த வீட்டுக்கும் எனக்கும் என்ன என்று நீ கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

கிளம்புகிற அவசரத்தில் கீசர் சங்கதியை ஒழுங்காகச் சொல்லாமல் வந்துவிட்டேன். அத்தான் மிலிட்டரி கேண்டீனில் வாங்கி ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த சாமான் அது. வாதம் வந்த வலது பக்கத்துக்கு வெந்நீர் ஊற்றினால்தான் மாமாவுக்கு நடக்க வரும். காலை ஐந்தரைக்குக் குளிக்க, பத்து மணிக்குக் காலுக்கு மட்டும், சாயங்காலம் நாலுக்கு மறுபடியும். சுவிட்சைப் போட்டால் சிவப்பு லைட் எரியும். கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிஷத்தில் நீயே அணைத்துவிடு. அணைத்த பிறகுதான் குழாயைத் திறக்க வேண்டும். நீ கடைக்குப் போனாலும்கூட போர்டில் கீசருக்கு உள்ள ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பரண்மேல் வைத்துவிட்டுப் போ. மாமா கேட்டாலும் கொடுக்காதே.

மார்கழி பிறக்குமுன் வந்துவிடுவேன்.

அக்கா,
செல்லத்தாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
28-11-1989

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மாமாவுக்குச் சாப்பாடு, மாத்திரை, வெந்நீர் எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. நேரம் தவறினால் அவர் விடுவதில்லை. போலீஸில் ஏட்டையாவாக இருந்து ஓய்வுபெற்றுப் பத்து வருஷமான பிறகும் வாசலைப் பார்த்துத்தான் நாற்காலி போட்டு உட்கார்கிறார். நான் தெருப்பக்கம் தலையை நீட்டினால் போதும், “எங்க போற? எப்ப வருவ?” என்கிறார். நேற்று உப்பு வாங்கப் போய்த் திரும்ப ஐந்து நிமிஷம் கூடிவிட்டது. “ஏட்டி, எம்புட்டு நேரமா கத்துதேன், ஒனக்குக் காது அவிஞ்சா போச்சு?” என்று தெருவே கேட்கும்படி சத்தம். பக்கத்து வீட்டு ஜெயபாய் அக்கா தையல் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். சிவப்பு லைட் தானாக அணைவதே இல்லை. எலக்ட்ரிக் கடைக்காரரிடம் கேட்டேன். தண்ணீர் சுட்டதும் தானே அணைய வேண்டுமாம், அப்படி அணையாவிட்டால் ஏதோ பழுது என்கிறார். ஒருநாள் இருபது நிமிஷம் விட்டுப் பார்த்தேன். உள்ளே உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. பயந்து அணைத்துவிட்டேன். ஆளை வரச் சொல்லவா?

நான் டிசம்பர் 18 திங்கட்கிழமை கம்பெனிக்குப் போயாக வேண்டும். எட்டு மாதம் விடாமல் பேண்டேஜ் சுற்றியிருக்கிறேன். தையில் நிரந்தரப் பட்டியல் எழுதுவார்கள். பெயர் ஏறிவிட்டால் பிறகு யாரும் என்னை வா போ என்று சொல்ல முடியாது. நீங்கள் வருகிற தேதியை எழுதுங்கள்.

கருத்தம்மா


ஜபல்பூர்
6-12-1989

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே குளிர் கொட்டுகிறது. அத்தான் எனக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கித் தந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நர்மதை ஆற்றில் படகில் கூட்டிப்போனார்கள். இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று பளிங்குப் பாறை. நம் ஊரில் சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நான் பயந்துபோய் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பொம்பளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

கீசரில் யாரையும் கைவைக்க விடாதே. மிலிட்டரி சாமான் அப்படித்தான் இருக்கும். உள்ளூர் ஆளுக்கு அதெல்லாம் தெரியாது. கழற்றினால் அத்தானுக்குக் கோபம் வரும். நான் சொன்னபடி பதினைந்து நிமிஷம், ஃபியூஸ் கட்டை, அவ்வளவுதான். நான் இவ்வளவு நாள் அப்படித்தானே ஓட்டினேன்?

நீ தேதி கேட்டிருக்கிறாய். அத்தானுக்கு இந்த மாதம் லீவு இல்லையாம். பாஷை தெரியாமல் நான் தனியாக எப்படி ரயில் ஏறுவேன்? ஜனவரி முதல் வாரம் இந்தப் பக்கத்திலிருந்து நம் ஜில்லாக்காரர் ஒருத்தர் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறாராம். அவர்களோடு அனுப்பிவைக்கிறேன் என்கிறார்கள். கம்பெனியில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடேன். உன் வேலைக்கு என்ன, நீ கைராசிக்காரி.

செல்லத்தாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
14-12-1989

அக்காவுக்கு,

உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள். யாரிடம் போய்ச் சொல்வேன்? ராஜபாளையம் பஸ் ஹாரன் சத்தம் இந்த வீட்டுக்குள் கேட்கிறது. அரைமணி நேரப் பயணம். ஆனால் மாமாவை யாரிடம் விட்டுவிட்டு ஏறுவது? ஜெயபாய் அக்கா, “நான் செத்த நேரம் இருக்கேன், போய்ட்டு வா” என்று வந்து உட்கார்ந்தார்கள். மாமா அவர்களைப் பார்த்து, “ஒனக்கு இங்கன என்ன சோலி?” என்று கேட்டுவிட்டார். அந்த அக்கா முகம் செத்துப்போய் எழுந்து போனார்கள்.

செவ்வாய்க்கிழமை நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது அவரே எழுந்து தெருவுக்குப் போய், தெப்பக்குளத்துப் பக்கம் விழுந்துவிட்டார். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நல்லவேளை, முழங்கை தேய்ந்ததோடு சரி. அன்றிலிருந்து நான் கொல்லைப்பக்கம் போனாலும் முன்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். பூட்டுகிற சத்தம் கேட்டதும் அவர் என்னைப் பார்க்கிற பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் சண்முகத்தாய் நேற்று வந்தாள். சூப்பர்வைசர் மலைச்சாமி அண்ணனிடம் கெஞ்சி ஜனவரி 8 வரை தவணை வாங்கியிருக்கிறாள். அன்று நான் நேரில் வந்து நிற்க வேண்டுமாம். இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களாம். முதல் வாரம் என்று எழுதாமல் தேதியை எழுதுங்கள்.

கருத்தம்மா


ஜபல்பூர்
27-12-1989

தங்கச்சிக்கு,

கோபமாக எழுதியிருக்கிறாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அந்த ஜில்லாக்காரர் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார். பொங்கல் கழித்துத்தான் வர முடியும்போல இருக்கிறது. என்னை என்ன செய்யச் சொல்கிறாய்? இங்கே அத்தான் விடிய ஐந்து மணிக்குப் போனால் சாயங்காலம் ஆறுக்கு வருகிறார்கள். பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று தெரியாமல் உப்பைக் கொடுத்தேன். அவள் குழந்தைக்கு மருந்து கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு யாரும் வருவதில்லை. ஆனாலும்

(இந்த இடத்தில் இரண்டு வரி அடித்திருக்கிறேன். படிக்க முயற்சி செய்யாதே.)

மாமாவைப் பார்த்துக்கொள். ஃபியூஸ் கட்டையை மறக்காதே.

செல்லத்தாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
10-1-1990

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

மாமாவுக்கு வெந்நீர் பட்டுக் கால் வெந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை நான் ராஜபாளையம் போனேன். போகாமல் இருக்க முடியாது என்று உங்களுக்கு எழுதியிருந்தேன். விடியக்காலையில் மாமாவைக் குளிப்பாட்டி, இட்லி கொடுத்து, பத்து மணி வெந்நீருக்குள் வந்துவிடலாம் என்று எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். கதவைப் பூட்டினேன். ஜெயபாய் அக்காவிடம் ஒரு காது இந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்க மறந்துவிட்டேன்.

மலைச்சாமி அண்ணன் ஒன்பதரை வரை என்னை வெளியே நிற்க வைத்தார். பிறகு கூப்பிட்டு, “இனிமே ஒருநாள்கூட விடக்கூடாது. நாளைக்கு வாறதா இருந்தா பேரு இருக்கும்” என்றார். நான் வாரேன் என்று சொல்லிவிட்டேன். மாமாவை என்ன செய்வது என்று யோசிக்காமலே சொன்னேன்.

பத்து மணியாகியும் நான் வரவில்லை என்று மாமாவே சுவரைப் பிடித்துப் போய்க் கீசரைப் போட்டிருக்கிறார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அசந்து தூங்கிவிட்டார். லைட் அணையவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து எழுந்துபோய்க் குழாயைத் திறந்ததும் ஆவியும் கொதிநீரும் சீறிக்கொண்டு வந்திருக்கிறது. வலது கால், உணர்ச்சி இல்லாத கால். சுடுவது அவருக்குத் தெரியவே இல்லை. தோல் வழன்று வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கத்தியிருக்கிறார்.

ஜெயபாய் அக்கா ஓடி வந்தால் கதவில் பூட்டு. அம்மிக்குழவியால் பூட்டை உடைத்து உள்ளே போயிருக்கிறார்கள். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது தெருவில் ஆட்டோ நின்றது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். நான் அங்கேதான் இருக்கிறேன். இதை வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கம்பெனிக்குப் போகவில்லை.

கருத்தம்மா


ஜபல்பூர்
18-1-1990

கருத்தம்மாவுக்கு,

எத்தனை தடவை எழுதினேன்? கடைக்குப் போனால்கூடப் பிடுங்கு என்று எழுதினேனா இல்லையா? நடக்க முடியாத மனுஷனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஊர்விட்டு ஊர் போயிருக்கிறாய். உன் அத்தான் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. “அவளை நம்பி ஒப்படச்சோமே” என்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது? ஊரில் என்ன பேசுவார்கள் என்று நினைத்துப் பார்த்தாயா? போலீஸ் கேஸ் ஆகியிருந்தால்?

கால் எப்படி இருக்கிறது என்று உடனே எழுது.

செல்லத்தாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
26-1-1990

அக்காவுக்கு,

கால் ஆறி வருகிறது. பதினேழு நாள் கழித்து நேற்று வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கட்டுப் பிரித்துக் கட்ட எனக்கே தெரியும். நான் சுற்றின பேண்டேஜாகக்கூட இருக்கும்.

போலீஸ் கேஸ் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். டாக்டர் மாமாவிடம், “வீட்ல யாரும் இல்லையா? பூட்டி வச்சிருந்ததா சொல்லுதாங்களே?” என்றார். மாமா, “எந்தப் பய சொன்னான்? மருமக உள்ளதான் இருந்தா. நாந்தேன் அவசரப்பட்டுத் தெறந்தேன்” என்றார். டாக்டர் போன பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “ஏட்டி, நான் எத்தன பேர உள்ள வச்சுப் பூட்டியிருப்பேன். என்னைய ஒருத்தி பூட்டிட்டான்னு வெளிய தெரிஞ்சா ஊரு சிரிக்கும்” என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, தன் மானத்துக்குச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. ஆனால் அவர் எனக்காகப் பொய் சொன்ன பிறகு நான் உங்களிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை.

ஃபியூஸ் கட்டையைப் பிடுங்க மறந்ததாக எழுதினேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது மறந்தது நிஜம். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஞாபகம் வந்துவிட்டது. பஸ் இன்னும் புறப்படவில்லை. கண்டக்டர் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். இறங்கி ஓடினால் பத்து நிமிஷத்தில் வீடு. ஆனால் அந்த பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு முக்கால் மணி நேரம், மலைச்சாமி அண்ணன் மதுரைக்குப் போய்விடுவார். நான் எழுந்து நின்றேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். பத்து மணிக்குள் வந்துவிடுவோம், அவர் எங்கே போய்த் தொடப்போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிக்கெட்டைக் கையில் கசக்கிக்கொண்டே போனேன்.

இதை அத்தானிடம் படித்துக் காட்டுவதானால் காட்டுங்கள்.

பெயரை எடுத்துவிட்டார்களாம். சண்முகத்தாய் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

கருத்தம்மா


ஜபல்பூர்
5-2-1990

என் கருத்தம்மாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அத்தானிடம் காட்டவில்லை. காட்ட வேண்டியது வேறு ஒன்று இருந்தது.

அந்தக் கீசர் புரட்டாசியிலேயே கெட்டுவிட்டது. லைட் தானாக அணைந்துகொண்டுதான் இருந்தது. ஒருநாள் அணையாமல் கொதித்துவிட்டது. ஆளை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கம்பி மாதிரி சாமான் போய்விட்டது, மதுரையிலிருந்து வர நாலைந்து மாதமாகும், அதுவரை போடவே கூடாது என்றான். போடாவிட்டால் மூன்று வேளையும் விறகடுப்பில் அண்டா வைக்க வேண்டும். அப்படி இருந்தால் நீ வரமாட்டாய் என்று பயந்தேன். அத்தானுக்கு எழுதினால் இந்த வருஷம் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. நீ கேட்டபோது மிலிட்டரி சாமான் என்று எழுதினேன். போன கடிதத்தில் உன்னைத் திட்டினேனே, அதை எழுதும்போதும் எனக்கு இது தெரியும்.

இன்னொன்று. ஜில்லாக்காரர் பயணம் தள்ளிப்போகவில்லை. ஜனவரி ஐந்தாம் தேதியே குடும்பத்தோடு போய்விட்டார். நான்தான் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். இங்கே எனக்குப் பேச ஆளில்லை, குளிரில் கை வெடித்துப் போயிருக்கிறது. அந்த வீட்டுக்குத் திரும்பிப்போவதை நினைத்தால் இதுவே பரவாயில்லை என்று இருந்தது. வருஷத்துக்கு இரண்டு மாதம் புருஷன், பத்து மாதம் மாமா. பிள்ளை குட்டி இல்லையே என்று கேட்டவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்ல முடியுமா?

கீசர் சங்கதியை அத்தானிடம் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் வந்து, “டிக்கெட்டுக்குச் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழம நீ கெளம்பு” என்றார்கள்.

“யார் பேருக்கு எடுத்திய?”

“ஒம் பேருக்குத்தேன்.”

“அவரு எனக்கு மாமா. ஒங்களுக்கு அப்பா.”

இந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. பதினேழு வருஷ சர்வீஸ் முடிந்தபோதே வந்திருக்கலாம், இரண்டு தடவை நீட்டித்து எழுதிக் கொடுத்தது எதற்கு என்று கேட்டேன். அவர்கள் தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போனார்கள். நான்காம் நாள் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, “எனக்கும் அவரப் பாத்தா பயமாத்தேன் இருக்கு, தாயி” என்றார்கள். இத்தனை வயசு ஆம்பளை, தோளில் மூன்று பட்டை.

இரண்டு மாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பதினேழாம் தேதி காலையில் ஊரில் இருப்பார்கள். நான் வரவில்லை. இந்தக் குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கப்போகிறேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் நானாகவே போய், “பச்சா டீக்?” என்று குழந்தையைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டு உள்ளே கூப்பிட்டாள்.

அத்தான் வந்ததும் அன்றைக்கே நீ கிளம்பிவிடு. புருஷன் இல்லாத நீயும் அவர்களும் ஒரு வீட்டில் இருந்தால் ஊர் வாயை மூட முடியாது என்று அவர்களிடம் அழுத்திச் சொல்லியிருக்கிறேன். ஊர் வாய் நமக்கு இந்த ஒரு தடவையாவது உதவட்டும்.

உன் வேலையைத் திருப்பித் தர என்னால் முடியாது. அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இந்த ஒரு கடிதத்துக்கு இத்தனை நாளாகிவிட்டது.

செல்லத்தாய்


ராஜபாளையம்
22-2-1990

அக்காவுக்கு,

அத்தான் சனிக்கிழமை காலையில் வந்தார்கள். மாமா அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எத்தன நாள் லீவு?” என்றார். “ரெண்டு மாசம்ப்பா.” “பொறவு?” என்று கேட்டார். அத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். நானும் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அத்தான் கீசரைக் கழற்றிச் சாக்கில் கட்டி வைத்துவிட்டார்கள். சாமான் வரும்வரை அண்டாவில்தான் சுடவைக்க வேண்டும். ஆறின காலில் மருந்து தடவுகிற விதத்தையும் மாத்திரையையும் சொல்லிக் கொடுத்தேன். நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஃபியூஸ் கட்டை பரண்மேல் இருக்கிறது என்றும் சொன்னேன். உங்கள் கடிதம் முந்தின நாளே வந்துவிட்டது. அதைப் பற்றி அவர்களிடம் ஒன்றும் பேசவில்லை. உங்கள்மேல் எனக்குக் கோபம் போகவில்லை, அக்கா. என்மேலும் போகவில்லை. ஆனால் நீங்கள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனேன். மலைச்சாமி அண்ணன், “புது ஆளாத்தேன் எடுக்க முடியும். பழைய நாளெல்லாம் சேராது. சம்மதமா?” என்றார். சம்மதம் என்றேன். இன்றைக்கு நாலாவது நாள்.

சனிக்கிழமை நான் கிளம்பினதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு அத்தான் வெந்நீரை இறக்கிக் குளியலறைக்குத் தூக்கிப்போனார்கள். அங்கே உட்கார்ந்திருந்த மாமாவிடம் போய் வாரேன் என்றேன். அவர் தலையைக்கூட ஆட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சந்து வழியாகப் போனேன். குளியலறை ஜன்னல் சந்தைப் பார்த்துத்தானே இருக்கிறது. அதைத் தாண்டப்போகிற நேரம் உள்ளேயிருந்து சத்தம்.

“ஏட்டி கருத்தம்மா! எங்கட்டி போய்ட்ட? வெந்நி ஆறுது!”

நின்றுவிட்டேன். பை கையிலிருந்து இறங்கிவிட்டது. இதோ வாரேன் மாமா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. இன்னொரு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிட்டிருந்தால் திரும்பிப் போயிருப்பேன், அக்கா, உண்மையாகச் சொல்கிறேன். அதற்குள் அத்தான் குரல் கேட்டது.

“அவ போய்ட்டாப்பா. நாந்தேன் இருக்கேன். கால நீட்டுங்க.”

பிறகு சொம்பில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது.

“பாத்து ஊத்துலே,” என்றார் மாமா. “இந்தக் காலுக்குச் சூடு தெரியாது.”

நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.

கருத்தம்மா